கறுக்காத கழுத்து

அந்தக் கவரை மடிக்காதீங்க தம்பி. உள்ள ஸ்கேன் ஃபிலிம் இருக்கு. மடிப்பு விழுந்தா லைட்டுல வச்சுப் பாக்கறப்ப அது ஒரு கோடாத் தெரியும், அப்புறம் இது என்னன்னு இன்னொரு ஸ்கேன் எழுதுவாங்க. மடியில நிமித்தி வச்சுக்குங்க. ஆங், அப்படித்தான்.

யாருக்கு? தங்கச்சிக்கா. முன்னால நீலச் சேலை, அவங்கதானா? அவங்க பக்கத்துல ஜன்னலோரம் உக்காந்திருக்கறது என் வீட்டுக்காரம்மா. கனகவல்லின்னு பேரு. புதுக்கோட்டையில பஸ் ஏறினா கீரனூர் வர்றதுக்குள்ள பக்கத்துல இருக்கறவங்க குடும்பக் கதை முழுக்க அவளுக்குத் தெரிஞ்சிரும். உங்க தங்கச்சிக்குப் பேச்சுத் துணை கிடைச்சாச்சு, கவலைப்படாதீங்க.

திருச்சியில எந்த ஆஸ்பத்திரி? அட, நாங்களும் அங்கதான் போறோம். கரண்ட் வைக்கச் சொல்லியிருக்காங்களா? பயப்படாதீங்க. பேருதான் கரண்ட், ஷாக்கெல்லாம் அடிக்காது. எக்ஸ்ரே மாதிரிதான், அதைவிடப் பல மடங்கு பலம். நான் சொன்னா நம்பலாம். என் தலை கறுப்பா இருந்த காலத்துலேர்ந்து போன பொங்கல் வரைக்கும் அந்தக் கரண்ட் செக்‌ஷன்ல நான்தான் ஃபிசிசிஸ்ட். டாக்டர் இல்ல. எல்லாரும் டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க, நானும் திருத்தினதில்ல. புத்துநோய்க்கு இவ்வளவு கதிர் போகணும்னு டாக்டர் எழுதுவார். அதைக் கம்ப்யூட்டர்ல போட்டு, எந்தப் பக்கத்துலேர்ந்து எவ்வளவு நேரம் மிஷின் ஓடணும்னு பிளான் போடறது எங்க வேலை. போட்ட பிளான் சரியான்னு பாக்கறதும் எங்க வேலைதான். தில்லைநாயகம்னு என் பேரு. அங்க போய் என் பேரைச் சொல்லுங்க, தனியா கவனிப்பாங்க. இல்ல, வேணாம். இப்பச் சொல்லாதீங்க.

ஏன்னு கேக்கறீங்க. சொல்றேன், திருச்சி வர இன்னும் நேரம் இருக்கு.

நீங்க கரண்ட் வச்சவங்களைப் பாத்திருக்கீங்களா? கழுத்து, அடுப்புல சுட்ட கத்திரிக்கா மாதிரி கறுத்துப் போயிரும். தோல் உரியும். எச்சில்கூட முழுங்க முடியாது. எங்க செக்‌ஷன்ல அப்படி ஒருத்தரைக் காட்டுங்க பாப்போம். என் காலத்துல ஒரு கழுத்து கறுத்ததில்ல தம்பி. 'அங்க வச்சாக் கருகாதாம்'னு கேட்டுக்கேட்டு எங்கெங்கேர்ந்தோ வருவாங்க. மணப்பாறைக்காரர் ஒருத்தர், சிகிச்சை முடிஞ்ச அன்னிக்கு ஒரு டின் முறுக்கோட வந்தார். "எங்க மாமாவுக்கு வேற ஊர்ல வச்சாங்க, தண்ணிகூட இறங்கல. நான் இன்னிக்கு வரைக்கும் முறுக்கு கடிக்கிறேன் டாக்டர்" அப்படின்னு என் முன்னாடி நின்னு கையைக் கூப்பினார். என்ன சம்பளம் குடுத்தா அது கிடைக்கும்?

அது சும்மா வந்த பேரு இல்ல. நான் வேலைக்குச் சேந்த புதுசுல, வேற ஊர்ல, எங்க பெரியவர் போட்ட பிளான்ல ஒரு பொண்ணுக்கு அளவு கூடிப்போச்சு. கழுத்துத் தோல் பிஞ்சு ஈ வந்து உக்காரும். அந்தப் பொண்ணோட அம்மா விசிறியோட கட்டில் பக்கத்துல நிப்பாங்க. என்னைப் பாத்து ஒரு வார்த்தை திட்டல. விசிறிக்கிட்டே இருந்தாங்க. அன்னிக்கு முடிவு பண்ணேன், என் கையால ஒருத்தருக்கும் ஒரு பொட்டு கூடப் போகக் கூடாதுன்னு. கூடினாத்தானே ஆபத்து? குறைஞ்சா யாருக்கு என்ன நஷ்டம்? குறைஞ்சதுக்காக யாராவது வந்து சண்டை போட்டுப் பாத்திருக்கீங்களா?

இப்ப அடுப்பு இருக்கு. கிட்டப் போனா அனல் ஜாஸ்தி, தள்ளி நின்னாக் கம்மி. மிஷினும் அதே கதைதான். ஆள் கொஞ்சம் சதைப்பிடிப்பா இருந்தா உடம்பு மிஷின் வாய்க்குக் கிட்டப் போயிரும். அப்ப மிஷின் ஓடற நேரத்தைக் கொஞ்சம் கழிக்கணும். பழைய கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, நான்தான் கையால கழிப்பேன். அப்புறம் புதுக் கம்ப்யூட்டர் வந்துச்சு. கம்பெனிக்காரன் ஒருத்தன் டை கட்டிக்கிட்டு வந்து சொல்லிக்குடுத்தான். தூரம் என்னாச்சுன்னு கேட்டேன். இட்லியைச் சட்னியில தொட்டுக்கிட்டே, "எல்லாம் உள்ளயே இருக்கு சார்"னான். எல்லாம்னா எது எது? விக்க வந்தவன் வேற என்ன சொல்வான்? நான் பாட்டுக்கு எப்பவும் போலக் கழிச்சுக்கிட்டிருந்தேன்.

சரிபாக்கறதுக்குன்னு எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு தம்பி. ஒருத்தர் போட்ட பிளானை இன்னொருத்தர் தனியாப் போட்டுப் பாக்கணும். ரெண்டு விடையும் பொருந்தினாத்தான் நோயாளியை மேஜையில படுக்க வைக்கலாம். எனக்கு அடுத்தபடியா சுகுமார்னு ஒருத்தர் இருந்தார். தங்கமான மனுஷன். அவர் கஷ்டப்படக் கூடாதுன்னு நானே எக்ஸெல்ல ஒரு ஷீட் செஞ்சு குடுத்தேன். என் கழித்தல் முறை பூராவும் அதுக்குள்ள இருக்கும். கம்ப்யூட்டர் குடுத்த நம்பரை அவர் தட்டுவார், விடை வரும், என் விடையோட அச்சு அசலாப் பொருந்தும். ஒரு நாள் பொருந்தாம இருந்ததில்ல. வெளியிலேர்ந்து சோதனை பண்ண வந்தவங்களே, இவ்வளவு சுத்தமா எங்கயும் பாத்ததில்லைன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அப்படி இருந்த இடம். சுகுமார் துபாய்க்குப் போயிட்டார், அவர் இடத்துக்கு ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. லால்குடிப் பக்கம். சின்ன வயசு, குரல் வெளியில வராது, வார்த்தைக்கு வார்த்தை சார் போடும். நல்ல பொண்ணுன்னு நானும் நினைச்சேன். வந்த வாரமே, ஷீட் வேணாம் சார், நான் தனியாப் போட்டுக்கறேன்னுச்சு. ஏம்மா, இத்தனை வருஷம் ஓடின ஷீட் ஆச்சேன்னேன். "ரெண்டு பேரும் ஒரே ஷீட்ல பாத்தா, ஒருத்தரே ரெண்டு தடவை பாத்த மாதிரிதானே சார்"னு மெதுவாச் சொல்லுச்சு. எவ்வளவு தைரியம் பாத்தீங்களா?

அது போட்ட கணக்கு என் கணக்கோட பொருந்தல. திருப்பிப் போடுன்னேன். போட்டுச்சு. பொருந்தல. அனுபவம் பத்தலம்மான்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிருச்சு. நானும் அதோட முடிஞ்சதுன்னு இருந்தேன்.

அந்த வாரம் ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்ணி, சார் ஒரு நடை வர முடியுமான்னு கேட்டுச்சு. போனேன். மிஷினுக்கு அடியில தண்ணித் தொட்டி வச்சிருக்கு. தண்ணிக்குள்ள விரல் நுனி அளவுக்கு ஒரு அளவுக் கருவி. கதிரைப் பொறுத்தவரைக்கும் தண்ணியும் நம்ம உடம்பும் ஏறக்குறைய ஒண்ணுதான், அதனால நாங்க தண்ணியிலதான் அளப்போம். மிஷினை நாங்க அன்னாடம் அளக்கறோம், அதுல ஒரு குறையும் கிடையாது. ஆனா இந்தப் பொண்ணு மிஷினை அளக்க வரல. அப்பச் சிகிச்சையில இருந்த ஒருத்தரோட பிளானை எடுத்து, அவருக்கு எப்படி ஓடுதோ அதே மாதிரி தண்ணிக்கு ஓட்டுச்சு. நாங்க அப்படிச் செஞ்சதே இல்ல. எதுக்குச் செய்யணும்? அதான் ரெண்டு விடையும் பொருந்துதே.

கம்மியா வந்துச்சு. டாக்டர் நூறு எழுதினா எண்பது சொச்சம்தான் போயிருக்கு.

தண்ணி சூடா இருந்தா அளவு மாறும்மான்னேன். தெர்மாமீட்டரைக் காட்டுச்சு. கருவி பழசுன்னேன். புதுக் கருவியைப் போட்டு ஓட்டுச்சு. வேற ஒருத்தர் பிளானை ஓட்டுன்னேன். அதுவும் கம்மி. நல்ல பருமனான ஒரு அம்மாவோட பிளான்ல இன்னும் கம்மி. கடைசியில மிஷினை நிறுத்திட்டு, "சார், தூரத்துக்குக் கம்ப்யூட்டரே கழிச்சிருது. அதுக்கு மேல நீங்களும் கழிக்கிறீங்க"ன்னுச்சு.

"ஜாக்கிரதை ரெண்டு தடவை இருந்தா என்னம்மா தப்பு?"ன்னேன்.

அது தொட்டியில தண்ணியைப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. என் மேல ஒரு மரியாதை இருந்திருந்தா என்கிட்டயே முடிச்சிருக்கலாம். மறுநாள் காலையில நேராப் பெரிய டாக்டர் ராமபத்ரன்கிட்டப் போயிருச்சு. அவர் மிஷினை நிறுத்தினார். நடந்துக்கிட்டிருந்த சிகிச்சைக்கெல்லாம் புதுப் பிளான் போடச் சொன்னார். என்னைக் கூப்பிட்டு, "ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தானே தில்லை, லீவுல இருங்க"ன்னார். மாலை கிடையாது, போட்டோ கிடையாது. அந்த மிஷினை லாரியிலேர்ந்து இறக்கினப்ப மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னவன் நான். வாட்ச்மேன்கிட்டச் சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதோட விட்டாங்களா? என் காலத்துல வந்த ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போன் பண்ணிக் கூப்பிட்டுப் பாக்கணும்னு முடிவு பண்ணாங்க. அந்தப் பொண்ணே உக்காந்து போன் போட்டுச்சு. எவ்வளவு அநாகரிகம் பாருங்க. ஏகப்பட்ட வீட்டில 'அவர் போய்ச் சேந்து வருஷம் ஆச்சும்மா'ங்கறாங்க. அவங்ககிட்ட என்ன பேச முடியும்? மணப்பாறை முறுக்குக்காரர் வீட்டுக்கும் போட்டிருக்கு. அவர் மக எடுத்து, "அப்பா சாகற வரைக்கும் உங்க டாக்டரைப் புகழ்ந்துக்கிட்டேதான் இருந்தாங்க"ன்னு சொல்லிச்சாம். என்னைத்தான் சொல்றாங்க, பாத்தீங்களா. அதைக் கேட்டுட்டு அந்தப் பொண்ணு டேபிள்ல தலையைக் கவுத்துக்கிட்டு அழுதிருக்கு. அங்க இருக்கற நர்ஸ் சொன்னாங்க. நல்ல வார்த்தை கேட்டு யாராவது அழுவாங்களா? எனக்கு அது இன்னிக்கு வரைக்கும் புரியல.

எங்க வீட்டுக்கும் அந்த போன் வந்துச்சு. என்னைக் கேக்கல. அம்மாகிட்டக் குடுங்க சார்னுச்சு.

ஆமா, கனகவல்லிக்கும் நான்தான் பிளான் போட்டேன். ரெண்டு வருஷம் ஆகுது, தொண்டையில கட்டி. பொண்டாட்டிக்குப் போடறப்ப கை நடுங்காதான்னு சுகுமார் கேட்டார். நடுங்கல. மத்தவங்களுக்கு ஒரு ஜாக்கிரதைன்னா அவளுக்குப் பத்து ஜாக்கிரதை. அவளுக்குக் கழுத்து கொஞ்சம் பூசினாப்பல இருக்கும், அதனால கழிக்க வேண்டியதும் ஜாஸ்தி. பாத்துப் பாத்துக் கழிச்சேன். ஒரு கறுப்பு இல்ல, ஒரு உரிசல் இல்ல. சிகிச்சைக்கு நடுவுலேயே அவ அண்ணன் மக கல்யாணத்துக்குப் போய், பந்தியில உக்காந்து சாப்பிட்டா. கரண்ட் வச்சுக்கிற ஆளுன்னு ஒருத்தரும் நம்பல. உங்க வீட்டுக்காரர் கை ராசின்னு சொல்லிச் சொல்லி அவளும் பூரிச்சுப் போனா.

அந்த போன்ல அவ ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டிருந்தா. சரிம்மா, சரிம்மான்னு மட்டும் சொன்னா. வச்சதும் என்ன சொல்லுச்சுன்னு கேட்டேன். காபி போடவான்னா. கையால கழுத்தைத் தடவிப் பாத்துக்கங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு. அன்னிக்குத்தான் காதுக்குக் கீழ ஒரு முடிச்சு தட்டுப்பட்டுச்சு. அந்த போன் வராம இருந்திருந்தா அவ பாட்டுக்கு நிம்மதியா இருந்திருப்பா. எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவம் கோவமா வந்துச்சு.

கத்தி வைக்க முடியாத இடம்னுட்டாங்க. மறுபடி கரண்ட்தான். ஒரு தடவை வச்ச இடத்துல மறுபடி வைக்க யோசிப்பாங்க, கழுத்து தாங்காது. ஆனா ராமபத்ரன் என்ன சொன்னார் தெரியுமா? முதல் தடவை கம்மியாப் போனதாலதான் இப்ப வைக்க இடம் இருக்குன்னார். கேட்டீங்களா? நான் மிச்சம் பிடிச்சது இப்ப அவளுக்குத்தான் உதவுது. வீட்டுக்குத் திரும்பற வழியில கனகவல்லிகிட்ட அதைச் சொன்னேன். அவ என்னையே பாத்தா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ என்னை அப்படிப் பாத்ததில்ல.

நீங்களும் உங்க தங்கச்சிக்குக் கொஞ்சம் கம்மியாவே வைங்கன்னு அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. சின்னப் பொண்ணு, அது தாராளமாப் போட்டு விட்டிரும்.

கனகவல்லிக்குப் புதுப் பிளான் போட்டதும் நான் போய்க் கேட்டேன். என் பொண்டாட்டி பிளானை நான் பாக்கக் கூடாதான்னேன். அந்தப் பொண்ணு நாற்காலியைத் துடைச்சுப் போட்டு, உக்காருங்க சார்னு எல்லாத்தையும் காட்டுச்சு. தூரம், ஆழம், மிஷின் நேரம் எதையும் மறைக்கல. மனசுல வாங்கிக்கிட்டு வந்து வீட்டில போட்டுப் பாத்தேன். என் விடை கம்மியா வந்துச்சு. பாத்தியா, இது அதிகமா வைக்குதுன்னு எழுந்து சட்டையை மாட்டிட்டேன். அப்புறம்தான் பாத்தேன், கடைசியில தூரத்துக்குக் கழிச்சிருக்கேன். கழிக்கணும்னு நினைக்கவே இல்ல தம்பி. கை தானாப் போய்க் கழிச்சிருக்கு. சட்டையைக் கழட்டிட்டு உக்காந்து, கழிக்காமப் போட்டேன். அந்தப் பொண்ணு விடையோட பொருந்துச்சு. ஒரு தடவை பொருந்தினா என்ன, அது ஒண்ணும் நிரூபணம் ஆகாது. நான் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டத்தான் சொல்றேன்.

இருந்தாலும் மனசு கேக்கல. முதல் நாள் அவளை உள்ள கூப்பிட்டப்ப, எதுக்கும் ஒரு பொட்டுக் குறைச்சுக்கம்மான்னு சொல்லலாம்னு நானும் கூட எழுந்தேன். கனகவல்லி வாசல்லயே நின்னு திரும்பினா. தாலிச் செயினைக் கழட்டி என் கையில குடுத்தா. உலோகம் எதுவும் உள்ள போகக் கூடாது. குடுத்துட்டு, "நீங்க எதையும் தொடாதீங்க. இந்தத் தடவை அந்தப் பொண்ணு பாக்கட்டும்"னா. பெஞ்சியில அவ்வளவு பேர் உக்காந்திருக்காங்க. என்னை டாக்டர்னு கூப்பிட்டவங்க எல்லாம் பாத்துக்கிட்டிருக்காங்க. நான் எங்க போய் முகத்தை வச்சுக்கறது?

இப்ப தினமும் அந்தப் பெஞ்சியிலதான் உக்காந்திருக்கேன், செயினைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு. உள்ள மிஷின் ஓடற சத்தம் கேக்கும். எவ்வளவு நேரம் ஓடுதுன்னு என்னை அறியாம எண்ணிக்கிட்டிருப்பேன். அது நிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாலேயே என் எண்ணிக்கை நின்னுரும்.

மாத்தூர் தாண்டிருச்சா? இனி ஏர்போர்ட், டோல்கேட், வந்துரும்.

எனக்குத் தாங்க முடியாதது இது ஒண்ணுதான். பாதிச் சிகிச்சை தாண்டிருச்சு. காலையில பல் தேய்ச்சதும் அவ கைக்கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு வாசல் வெளிச்சத்துக்குப் போயிருவா. கழுத்தை இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பாப்பா. எதுக்குங்கறீங்க? கறுத்திருக்கான்னு. கறுக்கணும்னு புவனேஸ்வரியம்மனுக்கு வேண்டிக்கிட்டிருக்கா தம்பி. தோல் கறுக்கணும்னு உலகத்துல யாராவது வேண்டுவாங்களா? கறுப்பை வச்சுக் கணக்குப் பாக்காதீங்கம்மா, கறுக்காட்டியும் உள்ள சரியாப் போகுதுன்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சு. அவ நம்பல. நேத்துக் காலையில கண்ணாடியைக் கீழ வச்சுட்டு வந்து, "உள்ள போய் நீங்க ஏதாவது மாத்திட்டீங்களா?"ன்னு கேட்டா. திட்டற மாதிரி இல்ல. சாதாரணமாத்தான் கேட்டா. நான் அந்த ரூம் பக்கமே போகலடின்னேன். சாமி படத்துல கை வச்சுச் சத்தியம் பண்ணச் சொன்னா. பண்ணேன். இத்தனை வருஷம் என் கணக்கை நம்பினவ.

உங்க தங்கச்சிக்குக் கம்மியா வைக்கச் சொல்லுங்கன்னு சொன்னேன் இல்ல, அதை விட்டுருங்க. அந்தப் பொண்ணு எவ்வளவு சொல்லுதோ அவ்வளவே வைக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல, நான் கம்மியா வைக்கச் சொன்னது கனகவல்லிக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவா.

அங்க பாருங்க. முந்தானையை விலக்கி உங்க தங்கச்சிகிட்டக் கழுத்தைக் காட்டறா. காலையில அவசரத்துல நான் பாக்கல, அவளும் காட்டல. உங்க தங்கச்சி குனிஞ்சு பாக்குது. இவ சிரிக்கிறா. எதுக்குச் சிரிக்கிறா? எனக்குக் கண்ணாடி போட்டாலும் இவ்வளவு தூரம் தெரியாது. உங்க கண்ணு நல்ல கண்ணு, கொஞ்சம் எழுந்திரிச்சுப் பாருங்க தம்பி. காதுக்குக் கீழ, அந்தப் பக்கம். கறுத்திருக்கா?